கந்தளாய் டாங்க் எண்டால் குளமா, யுத்த டாங்கியா? மகளுக்கு எப்பிடி விளங்கப்படுத்துறது

உவர்மலை அம்மா:
வணக்கம் எல்லாருக்கும். மகள் ஆறாம் ஆண்டு. இங்கிலிஷ் பாடத்துக்கு எங்கட திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளத்தைப் பற்றி ஒரு பந்தி வாசிச்சு அதுக்குப் படம் கீறிக்கொண்டு வரச் சொல்லியிருக்கினம், பந்தியில 'கந்தளாய் டாங்க்' எண்டு இருந்ததால பிள்ளை கொப்பியில நீட்டுக் குழாய் வச்ச யுத்த டாங்கி ஒண்டைக் கீறி, சங்கிலிச் சில்லுக்கெல்லாம் வடிவா கறுப்புக் கலர் அடிச்சு, கீழ கந்தளாய் எண்டும் எழுதி வச்சிருக்கிறாள். அது குளம் எண்டு நான் சொன்னதும் அழுதிட்டாள். பிறகு ஒரே கேள்வி. வீட்டுக்கு மேல இருக்கிறதும் டாங்க், சீனக்குடாவில எண்ணெய் நிக்கிறதும் டாங்க், அப்பாட மோட்டார்சைக்கிள்ல பெற்றோல் விடுறதும் டாங்க், கையில்லாத பெனியனும் டாங்க் டொப், எல்லாம் எப்பிடி அம்மா ஒரே சொல்லு எண்டு கேக்கிறாள். எனக்கும் தெரியேல்ல, தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

சொல்தேடி:
அக்கா, பிள்ளை நல்ல கேள்விதான் கேட்டிருக்கிறா, அழ வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. அந்தச் சொல்லுக்கு மூத்த அர்த்தமே குளம்தான். குஜராத்தி, மராத்திக்காரர் மழைத்தண்ணி சேர்த்து வைக்கிற தொட்டிக்கும் குளத்துக்கும் டாங்கி, டாங்கே எண்டமாதிரித்தான் சொல்லுறது. போர்த்துக்கேய மொழியிலயும் குளத்துக்குத் தாங்க்கே எண்டு ஒரு சொல் இருக்கு, அது தண்ணியை மறிச்சுத் தேக்குறது எண்ட கருத்தில வந்தது. 1600கள் தொடங்கேக்க இந்தியாவுக்கு வியாபாரத்துக்கு வந்த இங்கிலிஷ்காரர்ட வாயில இந்தச் சொல் ஏறினது, இந்த ரெண்டில எது வேர் எண்டதில அறிஞர்மார் இன்னும் ஒரு முடிவுக்கு வரேல்ல. பிறகுதான் தொட்டி, எண்ணெய், பெற்றோல் எண்டு ஒண்டொண்டாச் சேர்ந்தது.

யுத்த டாங்கிதான் சுவாரசியமான கதை. முதலாம் உலகப்போரில பிரித்தானியர் இரும்பு வண்டி ஒண்டை ரகசியமாச் செய்தவை, லிங்கன் எண்ட ஊரில உள்ள தொழிற்சாலையில. என்ன செய்யிறீங்கள் எண்டு ஆரும் கேட்டா மெசப்பத்தேமியாவுக்குப் போற தண்ணி வண்டி எண்டு சொல்லிச்சினம், பாக்கவும் பெரிய தண்ணித் தொட்டி மாதிரித்தான் இருந்தது. 1915 டிசம்பரில டாங்க் எண்டு மறைபேர் வச்சு, 1916 செப்டெம்பர் 15 பிரான்சில சொம் சண்டையில முதன்முதலா இறக்கேக்க அந்தப் பேரோடயே போச்சுது. பொய்க்கு வச்ச பேர் நிலைச்சிட்டுது.

டாங்க் டொப்புக்கும் யுத்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அமெரிக்காவில நீச்சல் குளத்தையும் டாங்க் எண்டுதான் சொன்னவை, அங்க போட்ட கையில்லாத நீச்சல் உடுப்பு டாங்க் சூட், அதில இருந்துதான் இந்தப் பெனியன். அதுவும் குளத்துச் சொந்தம்தான்.

நிலாவெளித் தம்பி:
அப்ப நாங்க சொல்லுற தண்ணீர்த்தாங்கியில இருந்துதான் டாங்க் வந்தது எண்டு எங்கட சேர் ஒருக்கா சொன்னவரே அண்ணா?

சொல்தேடி:
இல்ல தம்பி, சத்தம் ஒத்துப்போறதை மட்டும் வச்சு அப்பிடிச் சொல்லேலாது. தாங்கு எண்டது எங்கட சொந்த வினைச்சொல், சுமைதாங்கியிலயும் அதுதான் இருக்கு. தண்ணியைத் தாங்குறது தண்ணீர்த்தாங்கி, காதுக்கு டாங்கி மாதிரியும் கேக்குது, கருத்தும் சரியாப் பொருந்துது. அவ்வளவுதான், ஆனா எனக்கு மிச்சம் பிடிச்ச தமிழ்ச்சொல்லு அது.

சீனக்குடா ஆள்:
எங்கட பக்கத்து டாங்கைப் பற்றியும் பிள்ளைக்குச் சொல்லுங்கோ தங்கச்சி. பிரித்தானியக் கடற்படைக்கு எண்ணெய் வைக்கக் கட்டினது, இப்ப 99 நிக்குது, மேல்பகுதியில 84, கீழ்ப்பகுதியில 15. 1942 ஏப்ரல் 9 யப்பான்காரர் குண்டு போடேக்க ஒரு விமானம் ஒரு டாங்குக்கு மேலயே வந்து விழுந்தது, கன நாள் எரிஞ்சது எண்டு அப்பப்பா சொல்லுவார். காட்டுக்குள்ள மரம் மூடிக் கிடக்கிறதை றோட்டால போகேக்க பாத்தா மனம் ஒரு மாதிரி இருக்கும். பேப்பரில எண்ணெய்க் குதம் எண்டுதான் எழுதுவாங்கள், ஊருக்குள்ள ஆரும் அப்பிடிச் சொல்லுறதில்ல, டாங்கிதான்.

தம்பலகாமத்தான்:
பிள்ளை, எங்கட வயலுக்குக் கந்தளாய்த் தண்ணிதான். வாய்க்காலில தண்ணி வருகுது எண்டு ஆரும் கூப்பிட்டுச் சொன்னா சாப்பாட்டில இருந்து எழும்பி ஓடின வீடு எங்கட வீடு. குளமும் கோட்டமும் கட்டினதாலதான் அந்தக் காலத்து ராசாவுக்குக் குளக்கோட்டன் எண்டு பேர் வந்தது எண்டு எங்கட பெரியாக்கள் சொல்லுவினம், கோட்டம் எண்டால் கோணேசர் கோயில், குளம் எண்டால் இந்தக் கந்தளாய். 1986 ஏப்ரல் 20 விடியப்புறம் கட்டு உடைஞ்சு நூறு பேருக்கு மேல செத்தவை, அந்த வெள்ளத்தைக் கண்ட ஆக்களுக்குக் குளம் எண்ட சொல்லு சும்மா சொல்லு இல்ல. மகளை ஒருக்கா கூட்டிக்கொண்டு போய் குளக்கட்டில ஏத்தி நிக்க வச்சுக் காட்டுங்கோ, மற்றக் கரை தெரியாது.

உவர்மலை அம்மா:
எல்லாருக்கும் பெரிய நன்றி, பக்கத்தில இருத்தி வச்சு முழுக்க வாசிச்சுக் காட்டினன். குளம்தான் மூத்தது எண்டதும் முகம் மலர்ந்திட்டுது. யுத்த டாங்கிப் பக்கத்தைக் கிழிக்க மாட்டாளாம், அதுக்குக் கீழ 'தண்ணி வண்டி எண்டு பொய் சொன்னது' எண்டு எழுதிப்போட்டு அடுத்த பக்கத்தில குளக்கட்டுக் கீறிக்கொண்டிருக்கிறாள். தம்பலகாமத்து ஐயா, வான் கதவு எத்தினை கீறுறது எண்டு கேக்கிறாள், சரியாத்தான் கீறோணுமாம்.