வீடு வீடாக வந்து கருத்துக் கேட்பதால் பயன் உண்டா?

வார்டு7_தமிழ்: எங்க நகராட்சியில அடுத்த மாசம் குடிநீர், குப்பை, தெருவிளக்கு பத்தி வீடு வீடா கருத்துக் கேட்கப் போறாங்களாம். எனக்கு இது வேண்டாத வேலைன்னு படுது. எங்க தெருவிளக்குக்கு மூணு மனு கொடுத்தாச்சு, ரசீதும் இருக்கு. தெரிஞ்ச குறையைச் சரி பண்ணாம, மறுபடி வந்து குறை என்னன்னு கேட்கணுமா?

மலர்விழி: மனு கொடுக்கிறது யாருன்னு பாருங்க அண்ணா. எங்க தெருக்கோடி லைன் வீட்டுக்காரங்க ஒரு மனுவும் கொடுத்ததில்லை. குறை இல்லாமலா? போனா "வீட்டு ஓனரை வரச் சொல்லு"ன்னு திருப்பி அனுப்பிடுறாங்க. மனுவை மட்டும் எண்ணினா அங்க பிரச்சினையே இல்லைன்னு கணக்கு வரும்.

பெங்களூருல சாமுவேல் பால்னு ஒரு பொருளாதார அறிஞரோட குழுவினர், அரசுத் துறைங்க சேவை எப்படின்னு ஜனங்ககிட்ட கேட்டு, 1994-ல துறைவாரியா மார்க் போட்டு வெளியிட்டாங்க. லஞ்சம் கொடுத்தீங்களான்னும் கேட்டாங்க. நகர வளர்ச்சி ஆணையத்துல திருப்தின்னு சொன்னவங்க 100-க்கு 1 ஆள். 1999-லயும் 2003-லயும் திரும்பக் கேட்டாங்க. மார்க் கூடியிருந்துச்சு.

வார்டு7_தமிழ்: அது வெளி அமைப்பு நடத்தினது. இங்க நடக்கிறது வேற. போன தடவை கணக்கெடுக்க வந்தப்ப நான் வீட்டுலதான் இருந்தேன். அம்மா குழாயடியில குடம் மாத்திக்கிட்டு இருந்தாங்க. வந்த பொண்ணு "குடிதண்ணி திருப்தியா பாட்டி?"ன்னுச்சு. "இன்னிக்கு வந்துச்சு கண்ணு"ன்னாங்க அம்மா. போன்ல 'திருப்தி'ன்னு தட்டிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுச்சு. அது ஆறு நாள் கழிச்சு வந்த தண்ணி!

சந்திரசேகர் (நகராட்சி, ஓய்வு): அந்தப் பொண்ணு மேல தப்பில்லை தம்பி, இத்தனை வீடு முடிக்கணும்னு அதுக்கு இலக்கு. கேள்விதான் தப்பு. கடைசியா எப்ப தண்ணி வந்துச்சு, அதுக்கு முந்தி எப்ப, எத்தனை குடம் பிடிச்சீங்கன்னு கேட்கணும். அப்புறம், தண்ணி வராதுன்னு முன்கூட்டியே யாராவது சொன்னாங்களா? இதைக் கண்டிப்பா கேட்கணும். நான் பார்த்த குழாயடிச் சண்டையில பாதி, மோட்டார் ரிப்பேர்னு ஒரு வார்த்தை சொல்லாததால வந்தது. அப்ப ஆட்டோவுல மைக் கட்டியாவது சொல்லுவோம். இப்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டாச்சும்பாங்க. ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டுக்கு?

வார்டு7_தமிழ்: கேள்வியைத் திருத்தணும்ங்கிறது சரி சார். ஆனா கிராம சபை மாதிரி டவுனுக்கும் பகுதி சபை இருக்கே. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்துல நடத்தினாங்களே. நேர்ல கேட்டா முகத்துக்கு நேரே பதில் சொல்லித்தானே ஆகணும்?

மலர்விழி: எங்க சபைக்கு நான் போயிருக்கேன். வந்த பொம்பளைங்களை விரல் விட்டு எண்ணிடலாம். மைக் கடைசிவரை நாலு பேர் கையிலேயே இருந்துச்சு. லைன் வீட்டு அக்கா ஓரமா நின்னுட்டு, பேசாமலே போயிட்டாங்க. அவங்க வாசல்ல போய், அவங்க வீட்டுல இருக்கிற நேரத்துல கேட்டாத்தான் வாயைத் திறப்பாங்க. சபை வேண்டாம்னு சொல்லல. வீடு வீடா கேட்டது வார்டுவாரியா அந்தச் சபையில வாசிக்கப்படணும்.

வார்டு7_தமிழ்: வாசிப்போம்னு எழுத்துல கொடுக்கட்டும், முதல் ஆளா நான் பதில் சொல்றேன். அதுவரைக்கும் என் நிலை மாறாது. என் மூணு மனுவுக்கு முதல்ல பதில் வரட்டும்.

சந்திரசேகர் (நகராட்சி, ஓய்வு): எழுத்துல கொடுக்கிறவரை ஏன் காத்திருக்கணும்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்க, 30 நாள்ல பதில் தரணும். உங்க மூணு மனுவும் என்ன ஆச்சு, போன கணக்கெடுப்புல 7-வது வார்டுல எத்தனை வீடு 'திருப்தி'ன்னு பதிவாச்சு, ரெண்டையும் கேளுங்க. மனு நான் எழுதித் தரேன்.