18,000 ரூபாய்க்காகப் பிள்ளை பெறுகிறார்களாம்!

தென்காசி நர்ஸ்:
கணக்கன்77 வேறொரு இழையில் எழுதியிருப்பது: "மகப்பேறு உதவின்னு 18,000 ரூபாயைக் கையில் கொடுக்கிறார்கள். அந்தக் காசுக்காகவே கிராமத்தில் வரிசையாகப் பெற்றுத் தள்ளுகிறார்கள். பள்ளியில் பாலியல் கல்வி வேறு வேண்டுமாம். எல்லாம் என் வரிப்பணம்."

படிச்சதிலிருந்து ஆத்திரம் அடங்கலை. கிராம சுகாதார செவிலியரா இருந்து ஓய்வு பெற்றவள் நான். தமிழ்நாடு அரசோட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் யார் கையிலும் 18,000 கொடுக்கிறதில்லை. பணம் 14,000. அதுவும் தவணையா வங்கிக் கணக்குக்குத்தான் வரும். மீதி 4,000-க்கு ரெண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம்: பேரீச்சம்பழம், நெய், இரும்புச்சத்து டானிக், சத்துமாவு. முதல் ரெண்டு பிரசவத்துக்கு மட்டும். மூணாவதுக்குக் கிடையாது. அப்புறம் எங்கே வரிசையாப் பெத்துத் தள்ளுறது?

கணக்கன்77:
அரசு அறிவிப்பில் 18,000 என்றுதான் இருக்கிறது. பெட்டகம் என்ன வானத்திலிருந்தா விழுகிறது? 14-உம் 4-உம் 18. நர்சம்மாவுக்குக் கூட்டல் வராதா?

தென்காசி நர்ஸ்:
"கையில்"னு எழுதினது நீங்க. நெய் டப்பாவைக் கையில் வாங்கின காசுன்னு எந்த ஊரில் சொல்வாங்க? 14,000.

கணக்கன்77:
18,000.

வைகைக்கரையான்:
அதென்ன மாநிலத் திட்டம் மாதிரியே பேசுறீங்க? 2017-ல் வந்த மத்திய அரசோட மகப்பேறு உதவி, பிரதமர் மாத்ரு வந்தனா திட்டப் பணமும் அதில் சேர்ந்திருக்கு. அந்தப் பணத்தில் 100-க்கு மத்திய அரசு 60, மாநிலம் 40. பணம் டெல்லியில், பேரு இங்கேயா?

பொதிகைக்காரி:
அண்ணே, அந்த 60 மொத்தத் தொகைக்கும் இல்லை. முதல் குழந்தைன்னா 5,000-த்தில்தான். அதாவது 3,000. தமிழ்நாட்டில் இந்த உதவி 1987-லேயே வந்தாச்சு. போன மாசம் டெங்கு இழையில் வாங்கிக் கட்டிக்கிட்டதுக்கு இங்கே வந்து பழி தீர்க்காதீங்க.

வைகைக்கரையான்:
டெங்கு இழையில் ஓடினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்.

தென்காசி நர்ஸ்:
டெங்குவை விடுங்க. இந்தப் பணம் எதுக்குன்னு யாராவது கேட்டீங்களா? 12 வாரத்துக்குள்ள பதிவு செஞ்சாத்தான் முதல் தவணை. அந்தக் காசு வரும்னுதான் மாமியார் மருமகளைச் சீக்கிரமா துணை சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டு வர்றாங்க. வந்தாத்தான் ரத்த அழுத்தம் பார்ப்போம், ரத்தசோகை தெரியும். 19 வயசு ஆகலைன்னா பணம் கிடையாது, அது கல்யாணத்தைத் தள்ளிப்போடவும் உதவும். தேசிய குடும்ப நல ஆய்வில் (2019-21) தமிழ்நாட்டில் 100-க்கு 99-க்கு மேல் ஆஸ்பத்திரிப் பிரசவம். ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை. இதுதான் உங்க "வரிசையா"வா சார்?

கணக்கன்77:
புள்ளிவிவரத்தை அள்ளி வீசினால் 18,000 பதினாலாகிவிடாது. சரி, பாலியல் கல்வி? அதைப் பற்றி வாயே திறக்கவில்லையே. பள்ளியில் அதைச் சொல்லித்தரும் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007-ல் மகாராஷ்டிரா, கர்நாடகா, மத்தியப் பிரதேசம் எல்லாம் தடுத்தன. 2009-ல் மாநிலங்களவை மனுக்கள் குழுவே வேண்டாம் என்றது. அவர்கள் எல்லாம் முட்டாள்களா?

தென்காசி நர்ஸ்:
அந்தக் குழுவில் இருந்தவங்க எட்டாம் வகுப்புப் பொண்ணுங்க முன்னாடி நின்னு பேசினாங்களா? நான் நின்னேன். பள்ளிக்கூடக் கழிப்பறைப் பக்கம் ஒரு பொண்ணு அழுதுட்டு நின்னா. "அக்கா, எனக்குக் கேன்சர் வந்துடுச்சா"ன்னு கேட்டா. முதல் மாதவிடாய், அவ்வளவுதான். வீட்டில் ஒருத்தரும் சொல்லலை. துணியைத் துவைச்சு, யார் கண்ணிலும் படாம பாவாடைக்கு அடியில் காயப்போடுவாங்க, வெயிலே படாது. அதில்தான் தொற்று. 2011-ல் புதுயுகம் திட்டத்தில் ரெண்டு மாசத்துக்கு மூணு பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு நாப்கின் தர ஆரம்பிச்சாங்க. அதுவும் உங்க கண்ணுக்கு வீண் செலவுதானே?

வைகைக்கரையான்:
நாப்கின் பாலியல் கல்வியா? பேச்சை மாத்துறீங்க.

தென்காசி நர்ஸ்:
பேச்சை மாத்தலை. அந்தப் பாக்கெட்டைக் கொடுக்கும்போதுதான் பேசவே முடிஞ்சது. சொந்தக்காரர் தொட்டா எது தப்புன்னு, குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடலாம்னு. அதைச் சொல்றது கலாச்சாரத்துக்குக் கேடுன்னா, அந்தக் கலாச்சாரம் யாரைக் காப்பாத்துதுன்னு நீங்களே சொல்லுங்க.

பொதிகைக்காரி:
ஆம்பளைங்களுக்கும் சொல்லணும் அக்கா. இங்கே கல்யாணமான பொண்ணுங்களில் பாதிக்கு மேல கருத்தடை அறுவை சிகிச்சை செஞ்சிருக்காங்க. ஆண்களில் 100-க்கு ஒருத்தர்கூட இல்லை. கத்தியில்லா, தையலில்லா முறை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். யாரு போறா?

கணக்கன்77:
ஆக, இப்போது ஆண்கள் மேல் பாய்ச்சல். எதிர்பார்த்தேன்.

பொதிகைக்காரி:
நீங்க போனீங்களா?

கணக்கன்77:
தனிப்பட்ட தாக்குதல். நிர்வாகி கவனிக்கவும். என் கேள்வி எளிது: அரசு ஒரு பெண்ணுக்குச் செலவு செய்வது 18,000-ஆ இல்லையா?

தென்காசி நர்ஸ்:
"கையில்"னு எழுதினதுக்கு முதலில் பதில் சொல்லுங்க. ஆதார் இணைக்கலைன்னு வங்கியில் திருப்பி அனுப்பின புள்ளைத்தாய்ச்சியோட நான் வெயிலில் நின்னிருக்கேன். குழந்தை தவழ ஆரம்பிச்சப்புறம்தான் அவளுக்கு முதல் தவணையே வந்தது. அவகிட்டப் போய்க் காசுக்குப் பெத்தியான்னு கேட்பீங்களா?

கணக்கன்77:
உணர்ச்சிவசப்பட்டால் கணக்கு மாறாது.

வைகைக்கரையான்:
60:40-க்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை.

பொதிகைக்காரி:
சொல்லியாச்சு. 3,000. மேலே போய்ப் படிங்க.

வைகைக்கரையான்:
முழுத் தொகைக்கும் கணக்குப் போடுங்கன்னு கேட்டா 3,000-ன்னு நழுவுறீங்க.