ஆறு மா, ஆறு ஏக்கர்: கோட் எழுதினவன் ப்ராடக்ட் பக்கம் போன கதை

(மூன்று பேர் பேசுகிறார்கள், மேலே இருப்பது அவரவர் ஊர்.)

நீடாமங்கலம் பக்கம்

2012-ல் படிப்பை முடித்துவிட்டு சென்னைக்கு பிஎச்பியில் வெப்சைட் கோட் எழுதப் போனவன் நான். கல்யாண மண்டபம், நகைக்கடை, டியூஷன் சென்டர் என்று யார் வந்தாலும் வேர்ட்பிரஸ்ஸில் ஒரு ரெடிமேட் டிசைனைப் போட்டு நாலு நாளில் முடித்துக் கொடுப்போம். அப்புறம் பெங்களூர், ரியாக்ட், கொஞ்சம் நல்ல சம்பளம். டிக்கெட்டில், அதாவது எனக்கு வரும் வேலைக் குறிப்பில், என்ன இருக்கிறதோ அதைச் செய்வேன், இதை யார் கேட்டார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஒருமுறை 4 மாதம் உயிரைக் கொடுத்துக் கட்டிய ஒரு ஃபீச்சரை ரிலீஸுக்கு அப்புறம் எத்தனை பேர் தொட்டார்கள் என்று சும்மா லாகைத் திறந்து பார்த்தேன். 11 பேர். அதில் 7 பேர் எங்கள் டெஸ்டிங் டீம். மேனேஜரிடம் போய்க் கேட்டதற்கு, "அவ்வளவு அக்கறை இருந்தா இனிமே கஸ்டமர் கால்ல நீயும் உக்காரு" என்றார். கோபத்தில் சொன்னாரோ என்னவோ, நான் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை வருஷத்தில் ப்ராடக்ட் மேனேஜர், அதாவது எதைக் கட்டுவது என்று முடிவு செய்கிற ஆள், என்று பெயர் மாறியது. முதல் வருஷம் சம்பளம் ஒரு ரூபாய் ஏறவில்லை, இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் அந்த வேலையை நிஜமாகக் கற்றுக்கொண்டது ஊரில்தான். 2020 மார்ச் ஊரடங்கில் வீட்டுக்கு வந்தவன், இரண்டு நண்பர்களோடு சேர்ந்து அறுவடை மிஷின் புக் செய்ய ஒரு ஆப் ஆரம்பித்தேன். விவசாயி போனில் பரப்பளவைப் போடுவார், பக்கத்தில் எந்த வண்டி காலியோ அது போகும். "தரகர் இல்லாமல்" என்பதை ஸ்லைடில் பெரிய எழுத்தில் போட்டிருந்தோம்.

2021 தையில், சம்பா அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. டெல்டாக்காரர்களுக்கு அந்த ஜனவரி மறந்திருக்காது, கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்து முளைத்தது. சேற்றில் டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான் வேண்டும், அதுவோ கிடைக்கிற பாடில்லை. எங்களிடம் இருந்தது 2 பெல்ட் வண்டி. அதில் ஒன்றை, ஆறு ஏக்கர் என்று ஆப்பில் காட்டியதால் ஒரு பெரியவருக்குப் பொழுது முழுக்க ஒதுக்கியிருந்தோம். இரண்டரை மணி நேரத்தில் வண்டி வயலை விட்டு ஏறிவிட்டது. ரிப்பேரோ என்று ஓடினேன். பெரியவர் வரப்பில் குடையோடு நின்றார்.

"ஆறுன்னு போட்டீங்களே ஐயா?"

"ஆமா தம்பி, ஆறு மாதான்."

வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் பக்கம் மூன்று மா சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. சாகுபடி செய்கிற வீட்டில் பிறந்த எனக்கு இது தெரியாதா என்ன? தெரியும். தெரிந்தும், கட்டத்துக்கு மேலே 'ஏக்கர்' என்று பொடி எழுத்தில், அதுவும் சாம்பல் நிறத்தில் போட்டு வைத்திருந்தேன். அடுத்த ஊரில் ஒருவருக்கு "வண்டி இல்லை" என்று அன்று காலையில்தான் மெசேஜ் போயிருந்தது. ராத்திரி மறுபடி பெய்த மழையில் அவர் வயல் போய்விட்டது. அவர் முகத்தை நான் இன்னும் நேராகப் பார்த்ததில்லை.

அது மறுநாள் தெரிந்த விஷயம். அன்றைக்கோ வரப்பிலேயே லேப்டாப்பை விரித்து, மா, குழி, ஏக்கர் எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கிற மாதிரி மாற்றி, போன் ஹாட்ஸ்பாட்டில் அரை மணியில் டெப்லாய் செய்துவிட்டுப் பெரிய சாமர்த்தியசாலி போல நிமிர்ந்தேன். அப்போது டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்து இறங்கினார் அந்த வட்டாரத் தரகர், நாங்கள் ஸ்லைடில் ஒழித்துக்கட்டிய அதே ஆள். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "நான் எவ்வளவுன்னு கேக்கவே மாட்டேன் தம்பி. யாரு வயலுன்னு சொன்னா போதும்."

சட்டைக்குள்ளிருந்து பாலிதீன் பையில் சுற்றிய ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். எந்தப் பாலத்தில் மிஷின் ஏற்றி வரும் லாரி திரும்பாது, யார் வயலுக்குப் போக யார் வயலை முதலில் அறுக்க வேண்டும், கொள்முதல் நிலையத்துப் பணம் ஏறின பிறகுதான் வாடகை தரக்கூடியவர் யார், ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த டிரைவருக்கு ராத்திரிச் சாப்பாடு எந்த வீட்டில், எல்லாம் பேருக்கு எதிரே நாலு எழுத்தில் இருந்தது. என் ஃபார்மில் இதில் ஒன்றுகூட இல்லை.

12 நாள் அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து சுற்றினேன், ஒரு வரி கோட் எழுதாமல். கை சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று கோட் எழுதுகிறவர்களுக்குத் தெரியும். அப்புறம் விவசாயிக்கான ஆப்பை மூடிவிட்டு, தரகர்களின் நோட்டை மட்டும் போனுக்குக் கொண்டுவந்தோம், வாயால் சொன்னால் பதிவாகிற மாதிரி. ஒரு நண்பன் "இதுக்கா வேலையை விட்டேன்" என்று விலகிக்கொண்டான். 2023-ல் கம்பெனியையும் மூடினோம். குறுவை, சம்பா, தாளடி எல்லாம் சேர்த்தாலும் மிஷின் ஓடுவது வருஷத்தில் சில மாதம்தான், மீதி மாதங்களுக்கு வருமானத்துக்கு எங்கே போவது? இப்போது மறுபடி சென்னையில் ப்ராடக்ட் மேனேஜர்.

கும்பகோணம்

நான் ப்ராடக்ட் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தவள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஃப்ரன்ட்எண்டில், அதாவது திரையில் தெரிகிற பக்கத்தைக் கட்டுகிற வேலையில், 5 வருஷம், ப்ராடக்டில் 2 வருஷம், இப்போது மறுபடி ஃப்ரன்ட்எண்ட். டெவலப்பர் 3 வாரம் ஆகும் என்பார், சேல்ஸ் ஆள் கஸ்டமரிடம் திங்கட்கிழமை என்று ஏற்கெனவே சொல்லியிருப்பார், நடுவில் நான். அந்த 3 வாரத்தில் எது நிஜம், எது தற்காப்புக்காகக் கூட்டிச் சொன்னது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே அப்படிக் கூட்டிச் சொன்னவள். ஒருமுறை மீட்டிங்கில் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து டீ குடிக்கக் கூப்பிடுவது நின்றுபோனது.

ஒரு ராத்திரி பொறுக்காமல் நானே கோடில் ஒரு பிழையைச் சரிசெய்து அனுப்பினேன். காலையில் டெவலப்பர் டீம் லீட் மரியாதையாகத்தான் சொன்னார், "மேடம், அது இனிமே உங்க வேலை இல்ல." அந்த 'மேடம்' இருக்கிறதே, நேற்றுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டவர். அதிலிருந்து ஆறு மாதத்தில் திரும்பிவிட்டேன். வீட்டில் இன்னும் இறக்கிவிட்டார்கள் என்றே நினைக்கிறார்கள்.

தஞ்சாவூர்

நான் இன்னும் டெவலப்பர்தான். சாயங்காலங்களில் பாத்திரக்கடைகளுக்கு ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் செய்துகொண்டிருக்கிறேன். முதல் கடையிலேயே மாட்டிக்கொண்டேன். எண்ணிக்கை, விலை என்று கட்டம் போட்டிருந்தேன். பித்தளை எடைக்குத்தான் போகும், அதுகூடப் பரவாயில்லை. ஒரு அம்மா பழைய அண்டாவைக் கொண்டுவந்து தராசில் வைத்துவிட்டு குத்துவிளக்கு வேண்டும் என்கிறார். பழசைக் கழிக்க என் பில்லில் இடமே இல்லை. முதலாளி ஒரு வார்த்தை பேசாமல் கால்குலேட்டரை எடுத்துத் துண்டுச் சீட்டில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

2024-ல் இங்கேயே டைடல் நியோ ஐடி பார்க் வந்த பிறகு ஊரிலிருந்தே ஏதாவது செய்யலாம் என்ற ஆசை கூடிவிட்டது. வேலையை விட்டுவிட்டு, புதுக் கம்பெனிகளுக்குத் தமிழ்நாடு அரசு தரும் டான்சீட் விதை நிதிக்கு விண்ணப்பிக்கலாமா அண்ணா?

நீடாமங்கலம் பக்கம்

தம்பி, விண்ணப்பம் போடு, வேலையை விடாதே. லீவு போட்டு முகூர்த்த நாட்களில் ஒரு வாரம் அந்தத் தராசுப் பக்கத்தில் நில், முதலாளி எழுதிப் போடுகிற துண்டுச் சீட்டை எல்லாம் கேட்டு வாங்கி வைத்துக்கொள். லேப்டாப்பை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ.

கும்பகோணம் தங்கச்சிக்கு: கோட் எழுதுகிற பழக்கம் எனக்கும் விடவில்லை. கம்பெனியை மூடினாலும் 5 தரகர்கள் இன்னும் அந்த போன் நோட்டைப் பயன்படுத்துகிறார்கள், சர்வர் வாடகை என் கைக்காசு. நேற்று அந்த எக்ஸ்எல் தரகர்தான் போன் செய்தார், "தம்பி, பேசினா ஏற மாட்டேங்குது, பாத்து வையி, அடுத்த வாரம் குறுவை அறுப்பு." ராத்திரி பிள்ளைகள் தூங்கினதும் உட்கார வேண்டும்.