கேட்டலிஸ்ட் அடைத்துவிட்டது, கழுவலாமா?

அமெரிக்காவின் வெர்மான்ட்டில் இருக்கிறேன். விறகு அடுப்பின் பைபாஸை (புகையை கேட்டலிஸ்ட் வழியே விடாமல் நேராகப் புகைபோக்கிக்கு அனுப்பும் கதவு) மூடினாலே அறைக்குள் புகை வருகிறது. புகையை எரிக்க உதவும், தேன்கூடு மாதிரி இருக்கும் அந்த கேட்டலிஸ்டைக் கம்பி பிரஷால் தேய்க்கலாமா?

பதில் 1: ஐயோ, வேண்டாம்! பல்லேடியம், பிளாட்டினம் பூச்சு போய்விடும். அடுப்பு முழுதும் ஆறியபின் மென்மையான பெயிண்ட் பிரஷால் சாம்பலைத் தட்டி, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். கம்ப்ரெஸர் காற்றும் கூடாது, செராமிக் உடையும்.

பதில் 2: அதற்கும் சரியாகவில்லை என்றால் வெள்ளை வினிகரும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, அப்புறம் டிஸ்டில்டு வாட்டரிலேயே அலசி, நன்றாகக் காயவைத்து, புது கேஸ்கெட்டோடு (இடைவெளியை அடைக்கும் பட்டை) பொருத்துங்கள். நாற்றம் தாங்காது, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பதில் 3: விறகில் ஈரம் எவ்வளவு? 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கேட்டலிஸ்டின் சூடு சுமார் 260 டிகிரி செல்சியஸ் வரும்முன் பைபாஸை மூடாதீர்கள்.

கேட்டவர்: விறகு இந்தக் கோடையில் வெட்டியதுதான்... சரி, புரிந்துவிட்டது.