ராயல் கிரெசென்ட்டின் முகப்பு நேர்மையானதா?

கல்தச்சன்:
இங்கிலாந்தின் பாத் நகரத்தில் பிறை வடிவில் நிற்கும் ராயல் கிரெசென்ட் என்ற வீட்டு வரிசையை ஆங்கிலேய வரிசை வீடுகளின் உச்சம் என்று புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை. 1767இல் தொடங்கி எட்டு ஆண்டுகளுக்குள் எழுந்த இந்த 30 வீடுகளுக்கு கட்டடக் கலைஞர் இளைய ஜான் வுட் வகுத்துத் தந்தது முகப்பை மட்டுமே. அதில் ஒரு பகுதியை வாங்கியவர்கள், தத்தம் கட்டடக் கலைஞரை அமர்த்தி, பின்னால் விரும்பியபடி வீடு கட்டிக்கொண்டார்கள். பின்பக்கம் போய்ப் பார்த்தால் கூரையின் உயரமும் சன்னல்களின் அமைப்பும் வீட்டுக்கு வீடு மாறுகின்றன. உள்ளே இருப்பதை மறைக்கும் முகப்பை நேர்மையான கட்டடக்கலையாக எப்படிக் கொள்வது?

நெடுஞ்சுவர்:
முகப்பு தெருவுக்கு உரியது, உள்ளறைகள் குடியிருப்பவருக்கு உரியவை என்ற அந்தப் பிரிவினைதான் இங்கே வடிவமைப்பு. தரைத்தளத்தை அலங்காரமின்றி விட்டுவிட்டு, அதன் மேல் இரண்டு தளங்களையும் தழுவி நிற்கும் 114 அயோனியத் தூண்களை (உச்சியில் சுருள் அமைப்புள்ள கிரேக்கப் பாணித் தூண்கள்), அரை நீள்வட்ட வளைவில், ஏறத்தாழ 150 மீட்டர் நீளத்துக்கு வுட் நிறுத்தினார். நடு வீட்டில் தூண்கள் இரட்டையாக நிற்பதைத் தவிர, இது மையம் என்று சொல்ல ஓர் அடையாளமும் இல்லை. முக்கோண முகடுகூட வைக்கவில்லை. அந்த அடக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். தனித்தனியே பார்த்தால் நடுத்தரமான வீடுகள்தாம். சேர்ந்து நிற்கையில் அரண்மனையின் தோற்றம் பெறுகின்றன.

கல்தச்சன்:
அந்தத் தோற்றத்துக்காகக் குடியிருப்பவர் விட்டுக்கொடுப்பது எவ்வளவு என்று பாருங்கள். 1970களில் 22ஆம் எண் வீட்டின் உரிமையாளர் வாசற்கதவுக்கு மஞ்சள் வண்ணம் பூசியபோது, மற்றக் கதவுகளைப் போல வெள்ளையாக்கும்படி நகராட்சி உத்தரவிட்டது. அவர் மேல்முறையீடு செய்து வென்றார். ஒரு கதவின் நிறத்துக்கே அஞ்சும் ஒருமை எவ்வளவு உறுதியானது?

நெடுஞ்சுவர்:
அஞ்சியது நகராட்சி; கட்டடம் அன்று. கதவு மஞ்சளாகவே நீடித்தது, தூண் வரிசைக்கு ஒரு குறையும் நேரவில்லை. 1942 ஏப்ரல் குண்டுவீச்சில் 2, 17ஆம் எண் வீடுகளின் உட்புறம் எரிந்துபோனது. பின்னர் அவை முகப்புக்குப் பின்னால் மீண்டும் கட்டப்பட்டன. இன்று 1ஆம் எண் அருங்காட்சியகம், நடுவில் ஒரு விடுதி, வேறு பல அடுக்குமாடிக் குடியிருப்புகள். உட்புறத்தை வுட் தன் கையில் இறுக்கிப் பிடித்திருந்தால், இத்தனை மாற்றங்களுக்கு இடம் இருந்திருக்குமா என்பதற்கு நீங்கள் விடை சொல்லுங்கள்.

கல்தச்சன்:
மாற்றத்துக்கு இடம் தந்தது நன்மை என்பதை ஏற்கிறேன். ஆனால், அந்த இடத்தைத் தந்தவர் வுட் என்றால், பின்பக்கத்தின் ஒழுங்கின்மையையும் அவர் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். தூண்களைப் புகழும்போது மட்டும் அவர் பெயரைச் சொல்வது முறையன்று.