பவர் பிஐ டேபிளை பிடிஎஃப் எடுத்தால் 30 வரிதான் வருகிறது. ரிப்போர்ட் பில்டரில் நடுநடுவே வெற்றுப் பக்கம்

கேள்வி:
வணக்கம். 1,200 வரி, 9 காலம் (நெடுவரிசை) உள்ள ஸ்டாக் டேபிள். பவர் பிஐ (மைக்ரோசாஃப்டின் தரவு ரிப்போர்ட் கருவி) சர்வீஸில், அதாவது அதன் இணையத் தளத்தில், எக்ஸ்போர்ட் கொடுத்து பிடிஎஃப் எடுத்தால் திரையில் தெரியும் 30 வரி மட்டுமே வருகிறது. அதையே ரிப்போர்ட் பில்டரில் (அச்சிடும் ரிப்போர்ட் செய்யும் தனிக் கருவி) செய்தேன். எல்லா வரியும் வந்துவிட்டது, ஆனால் ஒவ்வொரு பக்கத்துக்குப் பின்னாலும் ஒரு வெற்றுப் பக்கம். தலைப்பு வரி முதல் பக்கத்தில் மட்டும்தான். ரன் கொடுத்துப் பார்த்தால் வெற்றுப் பக்கம் தெரிவதே இல்லை. ஏ4, போர்ட்ரெய்ட். எங்கே தப்பு?

பதில் 1:
30 வரி மட்டும் வருவது பிழை இல்லை. சாதாரண ரிப்போர்ட்டின் பிடிஎஃப் என்பது பக்கம் திரையில் எப்படி இருக்கிறதோ அப்படியே பிடித்துத் தருவது. ஸ்க்ரோல் செய்தால்தான் தெரியும் வரிகள் அதில் வராது. எல்லா வரியும் தாளில் வேண்டுமென்றால் பேஜினேட்டட் ரிப்போர்ட் (தாள் பக்கங்களாகப் பிரிந்து வருவது) தான் வழி, ஆகவே ரிப்போர்ட் பில்டருக்குப் போனது சரியே.

வெற்றுப் பக்கத்துக்குக் காரணம் அகலக் கணக்கு. பாடியின் (டேபிள் முதலியவை நிற்கும் வெள்ளைப் பகுதி) அகலம், இடது மார்ஜின், வலது மார்ஜின் மூன்றும் சேர்ந்து தாளின் அகலத்தைத் தாண்டக் கூடாது. ஏ4 அகலம் 21 செ.மீ. மார்ஜின் இருபுறமும் 2 செ.மீ. என்றால் பாடிக்கு 17 செ.மீ.தான் மிச்சம். 17.3 இருந்தாலும் அந்த 3 மி.மீ. தனிப் பக்கமாகப் போய் விழும். அதில் எழுத்து எதுவும் இல்லாததால் வெற்றாகத் தெரிகிறது.

பெரும்பாலும் இது எப்படி நேர்கிறது என்றால், ஒரு காலத்தை இழுத்து அகலமாக்கும்போது பாடியும் கூடவே விரிகிறது. காலத்தைத் திரும்பக் குறுக்கினால் பாடி தானாகச் சுருங்காது. வியூ டேபில் ப்ராப்பர்ட்டீஸை டிக் செய்து, டிசைனில் வெள்ளை இடத்தைக் கிளிக் செய்து, சைஸில் அகலத்தை 17 செ.மீ. என்று அடியுங்கள். சுருங்க மறுத்தால் வலது ஓரத்தில் ஏதோ துருத்திக்கொண்டு நிற்கிறது. ஹெடர், ஃபுட்டரையும் பாருங்கள், அவற்றுக்கும் அதே அகலம்தான்.

ரன்னில் தெரியாததற்குக் காரணம், அது திரைக்கான பக்க அளவில் காட்டுவது. அங்கேயே பிரிண்ட் லேஅவுட் பட்டனை அழுத்தினால் தாளில் வரப்போவது தெரியும்.

பதில் 2:
தலைப்பு வரிக்கு: டேப்ளிக்ஸ் (ரிப்போர்ட் பில்டரில் டேபிளின் பெயர்) ப்ராப்பர்ட்டீஸில் ‘ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பைக் காட்டு’ என்ற டிக்கைத்தான் எல்லோரும் முதலில் போடுகிறார்கள். சாதாரண டேபிளில் அது வேலை செய்யாது. கீழே குரூப்பிங் பகுதியின் வலது ஓரத்தில் உள்ள சிறிய அம்புக்குறியில் அட்வான்ஸ்டு மோடைத் தேர்ந்தெடுங்கள். ரோ குரூப்ஸில் மேலே ‘ஸ்டாடிக்’ என்று ஒரு வரி வரும். அதைக் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் ‘ரிபீட் ஆன் நியூ பேஜ்’ என்பதை ட்ரூ என்றும் ‘கீப் வித் குரூப்’ என்பதை ஆஃப்டர் என்றும் வையுங்கள். இரண்டுமே வேண்டும். தலைப்பு இரண்டு வரியாக இருந்தால் இரண்டு ஸ்டாடிக்குக்கும் செய்யுங்கள்.

கடைசியில் மட்டும் ஒரு வெற்றுப் பக்கம் மிஞ்சினால், அது டேபிளுக்குக் கீழே பாடியில் விட்ட காலி இடம். ரிப்போர்ட்டின் ப்ராப்பர்ட்டீஸில் கன்ஸ்யூம் கன்டெய்னர் ஒயிட்ஸ்பேஸை ட்ரூ ஆக்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
பாடி 17.46 செ.மீ. இருந்தது! ஃபுட்டரில் பக்க எண் பெட்டி வெளியே நீண்டிருந்தது, அதைக் குறுக்கியதும் சரியாகிவிட்டது. தலைப்பும் வருகிறது, மிக்க நன்றி. இதையே எக்செல் எடுத்தால் செல்கள் மெர்ஜ் ஆகி வருகின்றன, சார்ட் செய்ய விடவில்லை. அதற்கு என்ன செய்யலாம்?

பதில் 3:
டேபிளுக்கு மேலே ரிப்போர்ட் பெயர் உள்ள பெட்டியைப் பாருங்கள். அதன் இடது, வலது விளிம்புகள் எந்தக் காலத்தின் கோட்டோடும் சேராமல் நடுவில் விழுந்தால், எக்செல் அங்கே கூடுதலாக ஒரு காலத்தைப் போட்டு, கீழே உள்ள செல்களை மெர்ஜ் செய்துவிடும். பெட்டியின் லெஃப்டும் டேபிளின் லெஃப்டும் ஒரே எண்ணாக இருக்கட்டும். அகலம் ஏதாவது ஒரு காலத்தின் விளிம்பில் சரியாக முடியட்டும். கண்ணால் பார்த்து இழுக்காமல் எண்ணாகவே அடியுங்கள்.

வெறும் தரவு போதுமென்றால் சாதாரண பவர் பிஐ ரிப்போர்ட்டில் உள்ள டேபிள் விஷுவலிலேயே எக்ஸ்போர்ட் டேட்டா எடுக்கலாம். எக்செல்லில் 1,50,000 வரி, சிஎஸ்வியில் 30,000 வரி வரை. சிஎஸ்வியை நேராக டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள், 00417 என்ற பொருள் குறியீடு 417 ஆகிவிடும். எக்செல்லின் டேட்டா மெனு வழியாக உள்ளே எடுத்து, அந்தக் காலத்தை டெக்ஸ்ட் ஆக்கிய பிறகு லோட் செய்யுங்கள்.