மறு: லாஸ்லெஸ், லாஸி – 'இழப்பற்ற', 'இழப்புள்ள' போதாதா?

குழுவினருக்கு வணக்கம்.

நாலு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒலிக்கோப்பின் அளவைச் சுருக்கும்போது எதுவும் போகாத வகை லாஸ்லெஸ், கொஞ்சம் போய்விடுகிற வகை லாஸி; இவற்றுக்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் பேச்சு. நான் மொழி படித்தவன் இல்லை, நாட்டிய நிகழ்ச்சிகளுக்கு ஒலி போடுகிறவன். ஆனால் இந்தச் சொல் தினமும் என் கையில் படுகிற சொல் என்பதால் வாயைத் திறக்கிறேன்.

> லாஸ்லெஸ் என்றால் இழப்பற்ற, லாஸி என்றால் இழப்புள்ள. புழக்கத்தில் இருப்பதை ஏன் மாற்ற வேண்டும்?

ஐயா, போன மாதம் ஓர் அரங்கேற்றம். பாட்டுக் கோப்புகளை 'இழப்பற்ற' வடிவில்தான் அனுப்ப வேண்டும் என்று தமிழிலேயே எழுதி அனுப்பினேன் (இந்தக் குழுவில் இருக்கிற பழக்கதோஷம்). பெண்ணின் அப்பா பொறுப்பான மனிதர். அவரிடம் இருந்தது அரைமணி நேர வர்ணம், நொடிக்கு 128 கிலோபிட் எம்பி3, 29 எம்பிக்குள் அடங்கும். அதை வேவ் (சுருக்காத வடிவம்) கோப்பாக மாற்றி, 300 எம்பிக்கு மேல் ஊதவைத்து அனுப்பிவிட்டார். வேவ் இழப்பற்றது என்றுதானே எல்லா அட்டவணையிலும் போட்டிருக்கிறது! அரங்கில் போட்டுப் பார்த்தால் நட்டுவாங்கத் தாளம் தகரத்தை யாரோ சுரண்டுகிற மாதிரி கேட்கிறது. மிருதங்கத்தில் ஒவ்வொரு சாப்புக்கும் ஒரு கணம் முன்பே 'உஸ்' என்று ஒரு மெல்லிய இரைச்சல் வந்து நிற்கிறது. எம்பி3யில் சுள்ளென்று விழுகிற அடிக்கு இது நேரும். அது ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டித்தான் சுருக்கும், பிட் போதாதபோது ஏற்படும் பிழை அந்தத் துண்டு முழுக்கப் பரவி அடிக்கு முன்னாலும் எட்டிப் பார்க்கும்.

அவரைக் குறை சொல்ல முடியவில்லை. எம்பி3யிலிருந்து வேவுக்குப் போனபோது எதுவும் இழக்கவில்லைதான். இழந்ததெல்லாம் அதற்கு முன்பே போய்விட்டது. 'இழப்பற்ற' என்ற சொல் அதைச் சொல்லவில்லை. நமக்கு வேண்டியது எவ்வளவு இழந்தது என்ற கணக்கு இல்லை, சுருக்கியதைப் பழையபடி விரிக்க முடியுமா என்பதுதான்.

> அப்படியென்றால் மீள்சுருக்கம், மீளாச்சுருக்கம் என்று வைக்கலாமே.

அம்மா, நீங்கள் சொன்னதில் கருத்து சரியான இடத்தில் இருக்கிறது, ஆனால் 'மீள்' என்று ஆரம்பித்தாலே மீள்பதிவு, மீள்பார்வை மாதிரி 'மறுபடியும்' என்றுதான் படிப்பார்கள். சுருக்கியதையே திரும்பச் சுருக்குவதற்கு மீள்சுருக்கம் என்ற சொல்லைப் பத்திரமாக வைத்துக்கொள்வோம், அந்தக் கொடுமையும் அடிக்கடி நடக்கிறது: எம்பி3யை புளூடூத் ஸ்பீக்கரில் போட்டால் பெரும்பாலும் அங்கேயும் ஒரு தடவை சுருக்கித்தான் அனுப்புகிறது. அப்புறம், 'மீளா' என்றாலே எனக்கு மீளாத்துயில்தான் ஞாபகம் வருகிறது. பாட்டுக் கோப்புக்கு இரங்கல் சுவரொட்டி ஒட்டிய மாதிரி இருக்கும்.

என் யோசனை: லாஸ்லெஸுக்கு மடிகோப்பு, லாஸிக்கு வடிகோப்பு.

வேட்டியை மடித்து வைத்தால் இடம் பாதியாகும், உதறினால் முழு எட்டு முழமும் திரும்ப வரும். ஃபிளாக் என்கிற லாஸ்லெஸ் வடிவம் செய்வது அதுதான். சிடியில் இருப்பது நொடிக்கு 44,100 மாதிரி (சாம்பிள்), ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் என்று இரண்டு பக்கம். பாட்டைப் பொறுத்து அதைப் பாதி, அல்லது பாதிக்குக் கொஞ்சம் மேலாக மடிக்கும். விரித்தால் ஒரு பிட் குறையாது. எம்பி3 சோறு வடிக்கிற கதை. பலத்த ஓசைக்கு அடியில் காதுக்கு எட்டாமல் போவதையெல்லாம் கஞ்சியாக வடித்துக் கொட்டிவிடும். வடித்த சோற்றில் திரும்பத் தண்ணீர் ஊற்றினால் கஞ்சியா வரும்? பழையதுதான் வரும். அந்த அப்பா எனக்கு அனுப்பியது 300 எம்பி பழையது.

வினைத்தொகை என்பதால் நடுவில் க் வராது. மடிக்கோப்பு என்று எழுதினால் மடியில் வைத்த கோப்பாகிவிடும். மடிகணினியா மடிக்கணினியா சண்டையை இங்கே யாரும் திறக்க வேண்டாம், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

இதிலும் ஓட்டை இருக்கிறது. ஃபில்டருக்கு வடிப்பான் என்று ஏற்கெனவே வைத்தாயிற்று, ஒலிக்காரர்கள் வடிகோப்பு என்றால் ஃபில்டர் போட்ட கோப்பு என்று நினைக்கலாம். சிலை வடித்தான் என்றால் அது உயர்வான வேலை, அதுவும் இடிக்கிறது. போனில் சொன்னால் மடியும் வடியும் ஒன்றாகவே கேட்கும். இதுதான் எனக்குப் பெரிய கவலை. வேவ் கோப்பு எதிலும் சேராது, அது மடிக்காதது. முழுக்கோப்பு என்று சொல்லிவிடலாமா?

கேட்பதற்கு எது, மேடைக்கு எது என்று இழையில் ஒருவர் நடுவில் கேட்டிருந்தார். பஸ்ஸில் போகும்போது கேட்க 256 கிலோபிட் வடிகோப்பு தாராளம். 320க்கும் சிடிக்கும் வித்தியாசம் எனக்கே தெரியாது, தெரியும் என்பவர்களோடு வாதாடவும் மாட்டேன். எடுத்து வைக்க மடிகோப்பு. மேடைக்கு முழுக்கோப்பு, ஏனென்றால் பென்டிரைவ் சொருகுகிற பழைய மிக்சர் பலதுக்கு ஃபிளாக் தெரியாது. தம்புராவை மட்டும் எம்பி3யாக வைத்து ரிப்பீட்டில் போடாதீர்கள். அது 1152 மாதிரி கொண்ட கட்டங்களாகத்தான் எழுதும், முன்னும் பின்னும் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்ளும், அதை வெட்டத் தெரியாத பிளேயரில் ஒவ்வொரு சுற்றுக்கும் தம்புரா விக்கும். ஆலாபனை நடுவில் அந்த விக்கல் வந்தபோது பாடகர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அடுத்த வாரம் அதே பெண்ணுக்கு இன்னொரு நிகழ்ச்சி. "வடிகோப்பையும், வடிகோப்பிலிருந்து மாற்றியதையும் அனுப்ப வேண்டாம்" என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். அப்பா என்ன அனுப்புகிறார் என்று பார்த்துவிட்டு இங்கேயே சொல்கிறேன்.